இரண்டு வல்லரசும் ஒரு தறியும்: காஞ்சிபுரத்திலிருந்து ஒரு வாசிப்பு

பனிப்போர் என்றால் பெர்லின் சுவர், கியூபா, வியட்நாம் என்று பட்டியல் போடுகிறார்கள். காஞ்சிபுரத்துத் தறிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் உண்டு. சம்பந்தம் இருக்கிறது. 1949இல் உலகத் தொழிற்சங்க சம்மேளனம் இரண்டாகப் பிளந்தது. ஏ.ஐ.டி.யு.சி. மாஸ்கோ பக்கம் சாய்ந்த பழைய சம்மேளனத்தோடு நின்றது. ஐ.என்.டி.யு.சி. வாஷிங்டனுக்கு வேண்டிய புதிய கூட்டமைப்பில் சேர்ந்தது. தெருமுனையில் எந்தக் கொடிக்குச் சந்தா கட்டினாலும் அது உலகச் சண்டையில் ஒரு பக்கத்துக் கணக்கில் போய் ஏறியது. 1961 முதல் காமராசரின் மதிய உணவுத் திட்டத்துக்குக் கேர் நிறுவனத்தின் வழியாக அமெரிக்கப் பால் பவுடர் வந்தது. பி.எல். 480 கோதுமை கப்பலில் வந்தது. நெய்வேலி அனல் மின் நிலையம் சோவியத் உதவியில் எழுந்தது. வயிற்றுக்கு ஒருத்தன், விளக்குக்கு ஒருத்தன். மூளைக்கு ரெண்டு பேருமே வந்தாங்க. நாம பேச வேண்டியது அந்த மூன்றாவதைப் பற்றித்தான்.

மாஸ்கோ அச்சடித்த தமிழ்ப் புத்தகங்களை நியூ செஞ்சுரி புத்தக நிலையம் ஊர் ஊராகக் கொண்டுபோனது. கெட்டி அட்டை, நல்ல தாள், கூலிக்காரன் வாங்கக்கூடிய விலை. ரகுநாதன் மொழிபெயர்த்த கார்க்கியின் 'தாய்' சங்க அலுவலகங்களில் கை மாறிக்கொண்டே இருந்தது. ஐத்மாத்தவின் 'முதல் ஆசிரியர்' கதையை வாசித்த சேரிப் பிள்ளைகள் அதைத் தங்கள் கதையாகவே எடுத்துக்கொண்டார்கள். அரைகுறையாகப் படித்த ஒருத்தன் குதிரைக் கொட்டடியைத் துப்புரவு செய்து பள்ளிக்கூடம் ஆக்குகிறான். ஓடையைக் கடக்கப் பிள்ளைகளைத் தோளில் தூக்கிப்போகிறான். பள்ளிக்கூடத்தில் தனியாக உட்காரவைக்கப்பட்டவனுக்கு அந்தத் தோள் எப்படிப்பட்டது என்பதை மேல்தெரு விமர்சகன் எழுத முடியாது. அந்தக் கடனை நாம மறுக்கவில்லை.

எதிர்ப்பக்கமும் சும்மா இருக்கவில்லை. 1950இல் பெர்லினில் தொடங்கிய கலாச்சாரச் சுதந்திரக் காங்கிரசுக்கு மறுவருசமே இந்தியக் கிளை வந்துவிட்டது. அதற்குப் பணம் சி.ஐ.ஏ. கொடுத்தது என்பது 1967இல் அம்பலமானது. ஆர்வெல்லின் 'விலங்குப் பண்ணை'யையும் '1984'ஐயும் க.நா.சு. தமிழுக்குக் கொண்டுவந்தார். நல்ல புத்தகங்கள்தான். பண்ணையில் பன்றிகள் எசமானர்களாக மாறுவதைப் பார்த்துத் தமிழ் அறிவாளிகள் பதறினார்கள். இங்கே பண்ணை என்ற சொல்லுக்கே வேறு பொருள் உண்டு, அந்தப் பண்ணையில் பரம்பரை பரம்பரையாக ஆள்கள் கட்டுண்டு கிடந்தார்கள் என்பது அவர்கள் பதற்றத்துக்குள் வரவில்லை.

ஒரு பக்கம் 'தொழிலாளி' என்ற சொல்லைக் கொடுத்தது. இன்னொரு பக்கம் 'தனிமனிதன்' என்ற சொல்லைக் கொடுத்தது. இரண்டுக்கும் தெரு இல்லை, ஊர் இல்லை, சேரி இல்லை. இந்த வெற்றிடம் தமிழ்ப் படைப்புக்குள் எப்படி வந்து உட்கார்ந்தது என்பதற்கு நெசவாளனைப் பற்றிய இரண்டு படைப்புகளை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்', 1953. நூல் விலையில் சிக்கிய கைத்தறி நெசவாளரின் பட்டினியைச் சொன்ன நாவல். செக் மொழிக்கும் போனது. பனிப்போரின் ஒரு பாதி உலகம் தமிழ் நெசவாளனின் பசியைத் தெரிந்துகொண்டது அப்படித்தான். அந்தப் பசி பொய்யில்லை. அதே 1953இல் தி.மு.க.வினர் கைத்தறித் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாக விற்றார்கள். காஞ்சிபுரத்து நெசவுச் சமூகத்தில் பிறந்த அண்ணாவும் விற்றார். ஆக இடதுசாரிக்கும் திராவிடக் கட்சிக்கும் நெசவாளனே உழைப்பின் அடையாளச் சின்னம் ஆனான். கோவணத்தோடு சேற்றில் நின்ற பண்ணையாள் ஏன் அந்தச் சின்னம் ஆகவில்லை? நெசவு எங்களுக்குத் தெரியாத தொழிலும் இல்லை. பறையர்களில் கோலியர் என்ற பிரிவினர் நெய்தவர்கள் என்று தர்ஸ்டன் 1909இலேயே எழுதி வைத்திருக்கிறார். அந்தத் தறியைப் பற்றி நாவல் எழுத யாரும் வரவில்லை.

இரண்டாவது, பிரியதர்ஷனின் 'காஞ்சிவரம்'. 2007ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்கான தேசிய விருது அதற்கு. பிரகாஷ்ராஜுக்குச் சிறந்த நடிகர் விருது. வேங்கடம் என்ற பட்டு நெசவாளி, மகளைப் பட்டுச்சேலையில் கட்டிக்கொடுப்பேன் என்று சொல்லிவிடுகிறான். நெய்கிறவனுக்கு உடுத்த வக்கில்லை. முதலாளியின் பட்டறையிலிருந்து தினம் ஒரு இழைப் பட்டை வாய்க்குள் ஒளித்து எடுத்துவருகிறான். கம்யூனிசம் ஊருக்குள் வருகிறது, இவனே தலைவன் ஆகிறான், வேலைநிறுத்தம் நடக்கிறது. மகள் கல்யாணம் நெருங்கியதும் சேலையை முடிப்பதற்காகவே வேலைநிறுத்தத்தை முடிக்கிறான். கடைசியில் முடியாத அந்தச் சேலை மகளின் பிணத்தைக்கூட மூடப் போதவில்லை.

வாய்க்குள் போகும் அந்த இழையைப் போல ஒரு படிமம் தமிழ் சினிமாவில் அபூர்வம். முழக்கம் போடுகிற வாயும் அதுதான், திருடுகிற வாயும் அதுதான். இதை மனசாரச் சொல்கிறோம். ஆனா படம் இந்த முரண்பாட்டை ஒரு தகப்பனின் ஆசையாக, தனிமனித பலவீனமாக முடித்துவைக்கிறது. இயக்கம் தோற்றது அவன் ஆசையால் என்று பார்ப்பவன் வீட்டுக்குப் போகிறான். காஞ்சிபுரத்தில் நெசவுத் தெரு எது, கோயில் தெரு எது, ஊருக்கு வெளியே இருப்பது எது என்ற கேள்வி கதையில் எழவே இல்லை. சேரிக்கு அந்தக் கதையில் வேலை கிடையாது. கம்யூனிசம் வந்தது, போனது. கூட்டுறவுச் சங்கம் வந்தது, விடிந்தது. இதுதான் படம் தரும் வரலாறு.

சரி, அந்தத் தறியைக் கிட்டப்போய்ப் பார்ப்போம். காஞ்சிப் பட்டின் பெருமை கோர்வை. உடலும் கரையும் வேறு வேறு நிறம், மூன்று நாடா ஓட வேண்டும். குழித்தறியில் ஒரு ஆளால் முடியாது. கரைப் பக்கம் நாடா வாங்கிக் கொடுக்க இன்னொரு கை வேணும். வெகுகாலம் அது பிள்ளைகளின் கையாக இருந்தது. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகத் தறியில் உட்கார்ந்த பிள்ளைகள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகும் பட்டுத் தொழிலில் அடமானப்பட்ட பிள்ளைகளைப் பற்றி, காஞ்சிபுரத்தையும் சேர்த்து, 2003இல் மனித உரிமைக் கண்காணிப்பகம் அறிக்கை வெளியிட்டது. நாட்டின் பட்டுத் தொழில் முழுவதிலும் பார்த்தால் தலித், முஸ்லிம் பிள்ளைகள் அதில் மிகுதி. வேங்கடம் முதலாளியிடம் ஏமாந்தவன், உண்மை. கரை ஓரத்து அந்தப் பிள்ளைக்கு யார் முதலாளி? இந்தக் கேள்வியைக் கேட்கும் நாவலோ படமோ நமக்கு இன்னும் வரவில்லை.

இது காஞ்சிபுரத்துக் கலைஞர்களின் கவனக்குறைவு மட்டும் இல்லை. வல்லரசுச் சண்டையே அப்படித்தான் கட்டப்பட்டிருந்தது. 1946இல் அம்பேத்கர் டு பாய்சுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பர்கள் ஐ.நா.வுக்கு அளித்த மனுவின் படி வேண்டும், நாங்களும் அதே வழியை யோசிக்கிறோம் என்றார். 1947இல் டு பாய்ஸ் முன்னின்று தயாரித்த மனுவை சோவியத் தரப்பு கையில் எடுத்தது, அமெரிக்கத் தரப்பு தடுத்தது. மனு தோற்றது. ஆனா நிறவெறி உலகப் பிரச்சினை ஆகிவிட்டது. பள்ளிகளில் நிறப் பிரிவினை பற்றிய வழக்கில் 1952இல் அமெரிக்க அரசே நீதிமன்றத்தில், இந்தப் பிரிவினை கம்யூனிஸ்டுகளின் பிரச்சாரத்துக்குத் தீனி போடுகிறது என்று வாதாட வேண்டிவந்தது. 1954இல் தீர்ப்பு வந்தது. கறுப்பர்கள் போராடி வாங்கினார்கள். அந்தப் போராட்டத்துக்குப் பனிப்போர் ஒரு நெம்புகோலாகக் கிடைத்தது.

நமக்கு அந்த நெம்புகோல் கிடைக்கவில்லை. ஏன்? இரண்டு பேருக்கும் டெல்லி வேணும். டெல்லியைச் சங்கடப்படுத்தும் கேள்வியை இருவரும் கேட்கவில்லை. ஒருவனுக்குச் சாதி நிலப்பிரபுத்துவ மிச்சம், தானாகப் போய்விடும். இன்னொருவனுக்கு அது புராதனப் பண்பாடு, தொடக்கூடாது. 1959இல் இந்தியா வந்த மார்ட்டின் லூதர் கிங்கைக் கேரளத்தில் தலித் பிள்ளைகள் படித்த ஒரு பள்ளியில் அமெரிக்காவிலிருந்து வந்த தீண்டத்தகாதவர் என்று அறிமுகம் செய்தார்கள். முதலில் அதிர்ந்து, பிறகு ஆமாம், நான் அதுதான் என்று உணர்ந்ததை அவர் 1965இல் சொன்னார். அவருக்குப் புரிந்தது அவர் நாட்டு அரசுக்கும் புரியவில்லை, எதிரி நாட்டு அரசுக்கும் புரியவில்லை. சோவியத் உடைந்து 10 வருசம் கழித்து, 2001 டர்பன் மாநாட்டில்கூட சாதியைப் பேசக்கூடாது என்று இந்திய அரசு மல்லுக்கு நின்றது.

இந்த இரட்டைப் பெருங்கதையாடலுக்கு வெளியே நின்று பேசியவர் அம்பேத்கர். 1951இல் பதவி விலகியபோது, நாட்டின் 350 கோடி ரூபாய் வருவாயில் 180 கோடி ராணுவத்துக்குப் போகிறது, நம் வெளியுறவுக் கொள்கைதான் காரணம் என்று கணக்குச் சொன்னார். 1956 நவம்பரில் காத்மாண்டில் புத்தரா மார்க்ஸா என்று பேசினார். துயரத்தை ஒழிக்கும் இலக்கில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள், வழியில்தான் பிரிகிறார்கள் என்பது அவர் வாதம். அந்தப் பேச்சுக்குக் காஞ்சியில் வேர் இருக்கிறது. யுவான் சுவாங் ஏழாம் நூற்றாண்டில் வந்து பார்த்த பௌத்த நகரம் இது. பஞ்சத்தில் தவித்த காஞ்சிக்கு மணிமேகலை வந்து அமுதசுரபியால் பசி தீர்த்தாள் என்கிறது காப்பியம். சோறு போட அவள் எந்த முகாமில் சேரச் சொன்னாள்?

இந்த மரபை அச்சில் பார்க்க நாம காத்திருக்க வேண்டியிருந்தது. 1898இல் சாக்கிய பௌத்த சங்கம் கண்ட அயோத்திதாசரின் சிந்தனைகள் பெருந்தொகுதிகளாக வந்தது 1999இல்தான். அதாவது மாஸ்கோவின் தமிழ் அச்சகம் மூடிய பிறகு. அம்பேத்கர் தொகுதிகளைத் தமிழில் தொண்ணூறுகளில் கொண்டுவந்தது அதே நியூ செஞ்சுரிதான் என்பதையும் மறக்காமல் சொல்ல வேண்டும். கடை பழசுதான். உள்ளே வந்த சரக்கு மாறியதற்கு, வெளியே நம் மக்கள் எழுந்து நின்றதுதான் காரணம்.

அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் வரலாறே அதைச் சொல்லும். கலெக்டர் ட்ரெமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கை பஞ்சமி நிலத்துக்கு வழி திறந்தது. பறிபோன அந்த நிலத்தைக் கேட்டுக் காரணையில் மக்கள் எழுந்தார்கள். 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் சுட்டது. ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். அப்போது சோவியத் யூனியன் இல்லை, பனிப்போரும் இல்லை. வரலாறு முடிந்துவிட்டது என்று அமெரிக்காவில் புத்தகம் போட்டு 2 வருசம் ஆகியிருந்தது. இங்கே நிலம் யாருடையது என்ற வரலாறு அன்றைக்கும் முடியவில்லை.

இன்றைக்கு வேறு பெயர்களில் வேறு வல்லரசுகள் மோதுகின்றன. மறுபடியும் நம்மை ஏதோ ஒரு பக்கம் நிற்கச் சொல்வார்கள், அதற்கேற்ற இலக்கியமும் வரும். வரட்டும், வாசிப்போம். கார்க்கியையும் வாசிப்போம், ஆர்வெல்லையும் வாசிப்போம். ஆனா தொழிலாளி என்று எழுதினால் எந்தத் தெருத் தொழிலாளி என்று கேட்போம். சுதந்திரம் என்று எழுதினால் எந்தக் கிணற்றடியில் என்று கேட்போம். எழுதவரும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். கோர்வைத் தறியின் கரை ஓரத்தில் உட்கார்ந்த பிள்ளை இன்று வளர்ந்து நம் நடுவில்தான் இருக்கிறது. போய்க் கேளுங்கள், அது சொல்வதைச் சொன்னபடி எழுதுங்கள்.