குத்தகையும் காவலும்

ஆரியங்காவுக் கணவாய் கிழக்கே இறங்கும் வாயில் புளியறை. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் அதை ஒட்டிய திருநெல்வேலிச் சீமைக்கு யார் அதிபதி என்பதற்கு ஒரே பதில் கிடையாது. மதுரை நாயக்கர் ஆட்சி 1736இல் முடிந்தது. 1749இல் ஆம்பூர்ப் போரில் அன்வருதீன் மாண்டதும் ஆற்காட்டுப் பட்டத்துக்குச் சந்தா சாகிபும் முகமது அலியும் மோதினார்கள். முன்னவருக்குப் பிரெஞ்சுக்காரரும் பின்னவருக்கு ஆங்கிலேயக் கும்பினியும் துணை. வடகரை, நெற்கட்டும்செவல், ஊற்றுமலை, சிவகிரிப் பாளையக்காரர்கள் தத்தம் கோட்டைக்குள் அரசர்களாக இருந்தார்கள்.

அராஜகத்தின் வேரே இவர்கள்தாம் என்பது கால்டுவெல் 1881இல் எழுதிய திருநெல்வேலி வரலாற்றின் சாய்வு. விடுதலை வீரர்கள் என்பது நம் மேடைகளின் முடிவு.

கால்டுவெல் சொன்னதில் பாதி உண்மை. பாளையக்காரர்கள் தங்கள் பாளையத்துக்கு வெளியே உள்ள ஊர்களிலும் தேசகாவல் என்று காவல் கட்டணம் வசூலித்தார்கள். மறுத்த ஊர் கொள்ளைக்கு அஞ்சியே வாழ்ந்தது. அந்தக் குடியானவனின் துயரத்தை வீரக்கதை மறைக்கக் கூடாது.

ஆனால் எதிர்த் தட்டில் இருந்தது என்ன? 1755இல் நவாப் முகமது அலியின் அண்ணன் மாபூஸ்கானுக்கு மதுரையும் திருநெல்வேலியும் ஆண்டுக்கு 15 லட்சம் ரூபாய்க் குத்தகையாகின. வசூலுக்குப் படையோடு வந்த கும்பினியின் கர்னல் ஹெரான், திருநெல்வேலிக்குத் தெற்கே ஒரு கோட்டையில் பெண்கள், குழந்தைகள் உட்பட அனைவரையும் வெட்டவிட்டார். நெற்கட்டும்செவலில் 20,000 ரூபாய் கேட்டார், அங்கிருந்த பாளையக்காரர் பூலித்தேவர் கொடுக்கவில்லை. அந்த மறுப்பு மதிக்கத்தக்கது. அதற்காக அதை நாட்டு விடுதலைப் போர் என்று நான் ஏற்கமாட்டேன்: பின்னாளில் அதே மாபூஸ்கானோடு கைகோத்துத்தான் அவர் போரிட்டார். 1759இல் கும்பினிப் படைத் தளபதி யூசுப்கானோ திருவிதாங்கூர்ப் படையைத் துணைக்கு அழைத்து வடகரையைத் தாக்கினார். அந்தத் துணைக்கு விலை களக்காட்டுச் சீமை. 1764இல் அவரையே நவாபும் கும்பினியும் தூக்கிலிட்டார்கள்.

ஆக, ஆயுதம் ஏந்திய வசூல்காரர்கள் இரு பக்கமும் இருந்தார்கள். இவர்களில் குத்தகைக்காரரே பெரிய கேடு என்பது என் தீர்ப்பு. பாளையக்காரருக்கு அடுத்த ஆண்டும் அதே ஊர் வேண்டும். குளம் உடைந்தால் அவருக்கும் நட்டம். குத்தகைக்காரருக்குத் தவணைக்குள் பணம் வந்தால் போதும். கும்பினியின் நோக்கமும் ஒழுங்கு அல்ல, பணிவுதான். கொள்ளையர் என்று அது தூற்றிய அதே கூட்டத்தில், பணிந்து நின்ற சிவகிரிக்கும் ஊற்றுமலைக்கும் எட்டயபுரத்துக்கும் 1803இல் ஜமீன் பட்டம் கொடுத்தது.