ஃபிளாஷ் கார்டன் (1980): சீரியஸா, காமெடியா?

போன சீசன்ல ஒரு ஞாயிற்றுக்கிழமை. மெயின் அருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணி கொட்டுது, குளிக்கத் தடை. தென்காசி வீட்டுக்குத் திரும்பி வந்து, ஈரத்துண்டைக் கொடியில் போட்டுட்டு, மகளோடு உட்கார்ந்து 'ஃபிளாஷ் கார்டன்' பார்த்தேன். எனக்கு அது நாலாவதோ ஐந்தாவதோ தடவை. பத்து நிமிஷத்தில் அவள் கேட்டாள்: "அப்பா, இது சீரியஸ் படமா, காமெடிப் படமா?"

பதில் சொல்ல முடியலை. அந்தக் கடன்தான் இந்தப் பதிவு.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 1934 ஜனவரியில் அலெக்ஸ் ரேமண்ட் அமெரிக்கப் பத்திரிகைகளுக்காக வரைய ஆரம்பித்த ஞாயிறு காமிக்ஸ் தொடர் இது. மோங்கோ என்ற கிரகம், அதன் கொடுங்கோல் பேரரசன் மிங், அவனை எதிர்க்கும் பொன்முடி வீரன் ஃபிளாஷ். 1936-லேயே சீரியல் படமாக வந்துவிட்டது. ஜார்ஜ் லூகாஸ் இதைப் படமாக்க உரிமை கேட்டுக் கிடைக்காமல்தான் 'ஸ்டார் வார்ஸ்' பக்கம் போனார். உரிமையைக் கையில் வைத்திருந்தவர் இத்தாலியத் தயாரிப்பாளர் டினோ டி லாரென்டிஸ். 1968-லேயே 'பார்பரெல்லா'வைக் காமிக்ஸிலிருந்து படமாக்கிய ஆள். மைக் ஹாட்ஜஸ் இயக்க, குயின் குழு இசையமைக்க, 1980-ல் படம் வந்தது. பிரிட்டனில் ஓடியது, அமெரிக்காவில் அவ்வளவாக இல்லை. பிறகு வீடியோவிலும் டிவியிலும் பார்த்துப் பார்த்தே ஒரு ரசிகர் கூட்டம் சேர்ந்தது.

எனக்கு ஃபிளாஷ் கார்டன் அறிமுகமானது மாமாவின் டிரங்குப் பெட்டியில். 1964-ல் டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமம் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸின் பழைய இதழ்கள், அட்டை இல்லாமல், சில பக்கம் கரையான் தின்றுபோய்க் கிடந்தன. அதுக்குப் பக்கத்திலேயே முத்து காமிக்ஸ். 1972-ல் சிவகாசியிலிருந்து வந்த அதன் முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'தான். லண்டன் 'வேலியன்ட்' இதழில் 1962-ல் தொடங்கிய 'ஸ்டீல் க்ளா'வுக்கு நம்ம ஊர்ப் பெயர். லூயிஸ் கிராண்டேல் உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவான், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். எங்க தெரு வோல்டேஜுக்கு அவன் பாதிதான் மறைஞ்சிருப்பான் என்பது வேறு விஷயம். ஒன்பது வயசில் அதில் எனக்குச் சிரிப்பே வரலை. பிளக் பாயின்ட்டைப் பார்த்தாலே பயந்தேன்.

இப்போ படத்துக்கு வர்றேன். ஆரம்பத்தில் மிங் பூமியை அழிக்க ஒரு கருவிப் பலகையைத் தட்டுகிறான். அதில் பட்டன்கள், ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் பெயர்: நிலநடுக்கம், சூறாவளி, அப்புறம் 'சூடான ஆலங்கட்டி'. இருபது வருஷமாக சாஃப்ட்வேர் எழுதுகிறவன் என்ற முறையில் சொல்றேன், இவ்வளவு தெளிவாக லேபிள் போட்ட ஸ்க்ரீனை நான் எந்த புராஜெக்ட்டிலும் பார்த்ததில்லை. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் அதைத் தட்டுகிற மாக்ஸ் வான் சிடோ சிரிக்கலை. பெர்க்மன் படத்தில் மரணத்தோடு சதுரங்கம் ஆடிய நடிகர், அதே கவனத்தோடு இங்கே ஆலங்கட்டி பட்டனை அழுத்துகிறார். வல்டானாக வரும் பிரையன் பிளெஸ்ட், முதுகில் இறக்கையோடு, நாடக மேடை ராஜா மாதிரி தொண்டை கிழியக் கத்துகிறார். அவர் முகத்திலும் 'இது விளையாட்டுதான்' என்ற கண்ணடிப்பு இல்லை.

படம் சறுக்குவது கண்ணடிக்கிற இடங்களில். மிங்கின் தர்பாரில் ஃபிளாஷ் முட்டை மாதிரியான ஒரு பொருளைக் கையில் வைத்து அமெரிக்கக் கால்பந்து ஆடிக் காவலர்களை வீழ்த்துகிறான், டேல் ஓரமாக நின்று சியர் பண்ணுகிறாள். அங்கே படமே தன்னைக் கேலி செய்கிறது. திரைக்கதை எழுதிய லொரென்சோ செம்பிள், 1966 'பேட்மேன்' தொடரை உருவாக்கியவர்களில் ஒருவர். நகைச்சுவையாகப் போனது தவறு என்று அவரே பின்னாளில் சொன்னார். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. நடிகர்கள் அவர் எழுதிய ஜோக்கை ஜோக்காகப் பேசாததால்தான் படம் பிழைத்தது. (கதாநாயகன் சாம் ஜோன்ஸுக்கும் தயாரிப்பாளருக்கும் மனஸ்தாபமாகி, வசனத்தில் பெரும்பகுதியை வேறொருவர் டப்பிங் பேசினார். நமக்கு இதெல்லாம் சகஜம்.)

இன்னொரு காரணம் வானம். மோங்கோவின் வானம் சிவப்பும் மஞ்சளும் ஊதாவுமாகக் கலங்கி ஓடும். தண்ணீர்த் தொட்டியில் சாயத்தைக் கரைத்துப் படம்பிடித்தது. விண்வெளி கறுப்பு என்று தெரிந்தவர்கள் எடுத்த படம்தான், ஆனால் அச்சில் வந்த வானத்துக்கு விசுவாசமாக இருந்தார்கள். ஃபெலினிக்கும் பசோலினிக்கும் வேலை செய்த டனிலோ டொனாட்டிதான் அரங்கமும் உடையும். குற்றாலத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அருவிக்குக் கொஞ்சம் தள்ளிச் சித்திரசபை இருக்கிறது. அங்கே நடராஜரே சிலை கிடையாது, ஓவியம். சுவரெல்லாம் வண்ணம். உள்ளே போகிறவர் யாரும் 'இது பெயின்ட்தானே' என்று சிரிப்பதில்லை, கும்பிடுகிறார்.

ஆனால் அச்சுக்கு விசுவாசமாக இருந்தால் அதிலிருந்த அழுக்கும் கூடவே வரும். மிங் என்ற பெயர், தொங்கும் மீசை, மேலே இழுத்த புருவம் எல்லாம் 1930-களில் அமெரிக்கா ஆசியாக்காரனைப் பார்த்துப் பயந்த பயம். அதைப் படம் அப்படியே எடுத்து ஒரு சுவீடன்காரருக்கு மாட்டிவிட்டது. நாற்பதாம் ஆண்டு மறுவெளியீட்டில் பிரிட்டன் தணிக்கை வாரியம் இதைக் குறிப்பிட்டே எச்சரிக்கை போட்டது. சரிதான். கரையான் தின்ற அந்தப் பக்கங்களில் நான் யாராக இருந்தேன் என்று யோசிக்கிறேன். கறுத்த தென்காசிப் பையன், எப்போதும் பொன்முடிக்காரன் பக்கம். மிங்கின் முகம் எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றியதே இல்லை. மகள் கேட்டாள்: "வில்லன் மட்டும் ஏம்ப்பா சைனாக்காரன் மாதிரி இருக்கான்?" படம் முடிய அரை மணி நேரம் இருக்கும்போது.

'இரும்புக்கை மாயாவி' என்ற பெயரில் ஒரு படம் எடுக்கும் ஆசையை லோகேஷ் கனகராஜ் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். யார் எடுத்தாலும் சரி, என் பயம் ரெண்டுதான். ஒன்று, மின்சாரம் பாய்ந்தால் மனிதன் ஏன் மறைகிறான் என்று ஒரு விஞ்ஞானி இருபது நிமிஷம் விளக்குவார். இன்னொன்று, மறையும் முன் ஹீரோ கேமராவைப் பார்த்துச் சிரிப்பார். எனக்கு வேண்டியது ஒரு இருட்டு அறை, ஒரு பிளக் பாயின்ட், விரலை உள்ளே விடும்போது நிஜமாகவே நடுங்குகிற ஒரு ஆள்.

மகளுக்கு இன்னும் பதில் சொல்லலை. படம் முடிந்து 'முற்றும்' என்ற எழுத்துக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி வந்தபோது, அடுத்த பாகம் எங்கே இருக்கு என்று தேட ஆரம்பித்துவிட்டாள். எடுக்கவே இல்லை என்றேன். நம்பலை.