எச்சில் தட்டும் டிராகனும்

உர்சுலா லெ குவின் எழுதிய ‘எர்த்சீ’ வரிசையின் நான்காம் நாவலான ‘தெஹானு’வை என் பதினேழு வயதில் பாதியிலேயே மூடி வைத்தேன். முதல் மூன்று நாவல்களையும் அடுத்தடுத்து ஆசையாகப் படித்தவள் நான். காற்றுக்கும் கடலுக்கும் ஆணையிடும் மந்திரவாதி கெட், நிலத்தடி இருட்டிலிருந்து தப்பிய பூசாரிப் பெண் தெனார் இருவரும் மறுபடி வருவார்கள் என்று காத்திருந்தேன். வந்தார்கள். தெனார் நடுத்தர வயது விதவையாக, சமைத்துக்கொண்டும் நூல் நூற்றுக்கொண்டும் குழந்தைக்கு உடுப்புத் தைத்துக்கொண்டும் இருந்தாள். கெட் தன் சக்தியையெல்லாம் இழந்து, ராஜாவின் ஆட்கள் கண்ணில் படக் கூசி ஒளிந்துகொண்டிருந்தான். நான் ஏமாற்றப்பட்டதாக நினைத்தேன்.

தெனார் செய்ததெல்லாம் என் அம்மா தினமும் செய்த வேலைகள். அவற்றைக் கதையென்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை. உண்மையில் நான் தெனாராக இருக்க ஒருபோதும் விரும்பியதில்லை, கெட்டாக இருக்கத்தான் விரும்பினேன். இதை ஒப்புக்கொள்ள எனக்கு நெடுநாள் ஆயிற்று.

பதின்வயதினருக்கான புனைவில் தொடர்ச்சி நாவல் என்பது பெரும்பாலும் வாசகரின் ஆசைக்குக் கடன் தீர்க்கும் இடம். அந்தக் கடனைப் பெண் பாத்திரம்தான் அடைக்கிறது. லூயிசா மே ஆல்காட்டின் ‘லிட்டில் உமன்’ 1868இல் வெளிவந்ததும், இந்தப் பெண்கள் யாரைக் கல்யாணம் செய்துகொள்வார்கள் என்று சிறுமிகள் கடிதம் எழுதிக் கேட்டார்கள். எழுத்தாளராகத் துடிக்கும் ஜோவைக் கல்யாணம் ஆகாதவளாகவே விட ஆல்காட் விரும்பினார். 1869இல் வந்த இரண்டாம் பாகம் அவளை ஒரு பேராசிரியருக்குக் கட்டிவைத்தது.

லெ குவினுடைய கடன் வேறு வகை. முதல் நாவல் 1968இல் வந்தது. அதில் ரோக் தீவின் மந்திரப் பள்ளியில் ஆண்களுக்கு மட்டுமே இடம். கெட்டுக்கு முதல் மந்திரத்தைக் கற்றுக்கொடுப்பவள் கிராமத்துச் சூனியக்காரியான அவன் பெரியம்மா. ஆனால் பெண்களின் மந்திரம் பலவீனமானது, கெட்டது என்ற ஊர் நம்பிக்கையைக் கதை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்கிறது. 1971இல் வந்த ‘அதுவானின் கல்லறைகள்’ கெட்டின் கதையைத் தொடராமல் வேறொரு சிறுமியின் வாழ்க்கையைத் தொடங்குகிறது. இதைத்தான் துணை நாவல் என்கிறோம். பெற்றோரிடமிருந்து பறிக்கப்பட்டு, பெயரும் பிடுங்கப்பட்டு, தெய்வங்களுக்குப் படைக்கப்பட்டவள் தெனார். கெட் பாதிக் கதையில்தான் உள்ளே வருகிறான். இருந்தும் கடைசியில் அவன் கையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் வெளியுலகுக்குள் நடக்கிறாள். 1972இல் வந்த மூன்றாம் நாவலில் பெண்கள் ஏறக்குறைய காணாமலே போய்விடுகிறார்கள்.

‘தெஹானு’ 1990இல் வந்தது. நடுவில் பதினெட்டு ஆண்டுகள். வீரகதை மரபு ஆணின் உலகம் என்பதையும், தானும் அதற்குள் நின்றுதான் எழுதினேன் என்பதையும் 1992இல் ஆக்ஸ்போர்டில் ஆற்றிய உரையில் லெ குவின் வெளிப்படையாகப் பேசினார். ஆனால் அவர் பழைய நாவல்களின் ஒரு வரியையும் திருத்தவில்லை. அதே தீவுகள், அதே பள்ளி, அதே ராஜா. நாம் உட்கார்ந்து பார்க்கும் இடம்தான் அடுப்படிக்கு மாறியிருக்கிறது.

அங்கிருந்து பார்த்தால் மேதைகளின் அசட்டுத்தனம் தெரிகிறது. ரோக்கின் ஆசான்கள் புதிய தலைமை மந்திரவாதியைத் தேடுகிறார்கள். கோண்ட் தீவில் ஒரு பெண் என்று ஒருவருக்குக் குறி கிடைக்கிறது. ஒரு ஆணிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வழிகாட்டுபவளாகத்தான் இருப்பாள் என்று அவர்கள் பொருள் கொள்கிறார்கள். அந்தப் பெண்ணே விடையாக இருக்கலாம் என்ற எண்ணம் அவர்கள் புத்தியில் எட்டுவதில்லை.

இன்னொரு காட்சி இதைவிடச் சிறியது. கடலோடப் போன தெனாரின் மகன் வீடு திரும்புகிறான். பண்ணை சட்டப்படி அவனுடையது. தான் சாப்பிட்ட எச்சில் தட்டை அவன் எடுப்பதில்லை, அது பொம்பளை வேலை. இவனை நாம்தானே வளர்த்தோம் என்று தெனார் தன்னையே நொந்துகொள்கிறாள். நிலத்தடி இருட்டிலிருந்து தப்பிவந்த பெண் தன் வீட்டில் ஒரு தட்டை நகர்த்த முடியாமல் நிற்கிறாள்.

நாவலின் உச்சக்கட்டம் எனக்கு இன்றும் உறுத்தல்தான். ஆஸ்பென் என்ற மந்திரவாதி தெனாரைக் கட்டுப்படுத்தி, நாக்கை முடக்கி, நாயைப் போல இழிவுபடுத்துகிறான். சொந்த மனிதர்களால் வன்புணரப்பட்டு நெருப்பில் தள்ளப்பட்ட சிறுமி தெர்ரு, டிராகனைக் கூப்பிட்டு எல்லாரையும் காப்பாற்றுகிறாள். அவள் குரலுக்கு டிராகன் வருவது அழகு. ஆனால் நம் பத்திரிகைகளில் நாம் படிக்கும் சிறுமிகளுக்கு எந்த டிராகனும் வருவதில்லை. கோபத்துக்கு இவ்வளவு சுலபமான வடிகால் தருவது அந்தக் கோபத்தைத் தணித்துவிடும் என்ற பயம் எனக்கு உண்டு.

ஆனால் லெ குவின் மகனின் விஷயத்துக்கு டிராகனை அழைக்கவில்லை. தெனார் பண்ணையை அவனிடமே விட்டுவிட்டு, கெட்டோடும் தெர்ருவோடும் வேறு வீட்டுக்குப் போகிறாள். அவன் திருந்தியதாகக் கதை சொல்லவில்லை. இந்த நாவலில் நான் முழுதாக நம்புவது அந்தத் தீராத கணக்கைத்தான்.

2001இல் வந்த சிறுகதைத் தொகுப்பில், ரோக் பள்ளியைத் தொடங்கியவர்களில் பெண்களும் இருந்தார்கள், பின்னால்தான் வெளியேற்றப்பட்டார்கள் என்று தெரியவருகிறது. பழைய பிழைக்குப் போட்ட ஒட்டு என்று சிலர் சொல்லலாம். தொடங்கி வைத்தவர்களின் பெயரைப் பிறகு பதிவேட்டிலிருந்து எடுத்துவிடுவது நிறுவனங்களின் வழக்கம் என்பதால் எனக்கு அது ஒட்டாகத் தெரியவில்லை.

‘தெஹானு’வை முடித்த அன்று முதல் நாவலை மறுபடி எடுத்தேன். ஆடு கூப்பிடும் மந்திரத்தைச் சிறுவன் கெட் கற்றுக்கொள்ளும் பக்கம் வந்தது. பதினேழு வயதில் நான் அவனை மட்டும்தான் பார்த்தேன். இந்த முறை அந்தக் குடிசையில் மூலிகை காயவைத்துக்கொண்டிருந்த பெரியம்மாவைப் பார்த்தேன். அவளுக்கு அந்த மந்திரத்தை யார் கற்றுக்கொடுத்திருப்பார்கள் என்று முதன்முறையாக யோசித்தேன்.