வாட்டும் குதிரைத்திறனும்

கார் விமர்சனத்தில் "100 குதிரைத்திறன்" என்று மட்டும் போட்டிருந்தால், எந்த ஆர்பிஎம்மில் என்று கேட்காமல் விடமாட்டார்கள் நம் ஹெட்போன் பிரியர்கள். ஆனா ஆம்ப் டப்பா மேல் "2 வாட்" என்றால் அப்படியே நம்பிவிடுவார்கள்! எத்தனை ஓமில்? பெரும்பாலும் 32 ஓமில். அதாவது 8 வோல்ட். அதே 8 வோல்ட்டை 300 ஓம் சென்ஹைசர் எச்டி 600-க்குக் கொடுங்கள், கிடைப்பது 0.21 வாட்தான். (வோல்ட்டை அதனாலேயே பெருக்கி, ஓமால் வகுத்தால் வாட். பள்ளிக்கூடக் கணக்குதான்.)

இதில் வேடிக்கை, அதுவே அதிகம். 1 வோல்ட்டுக்கே 97 டெசிபல் தரும் ஹெட்போன் அது. 8 வோல்ட்டில் 115. காது தாங்காது. "பவர் பத்தல, பேஸ் மெலிஞ்சிருக்கு" என்று இதைவிடப் பெரிய ஆம்ப் வாங்கச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அடி பேஸ் குறைவது அதன் திறந்த அமைப்பால். ஈக்வலைசரில் கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள், காசு மிச்சம்.