வரிசையோரப் பட்டன்கள்: ஒரு மரபும் அதன் பள்ளிகளும்

ஒரகடத்திலோ வல்லம் வடகாலிலோ உதிரிபாகம் ஏற்றிய வண்டி கேட்டைத் தாண்டுவதற்கு முன், டிஸ்பாட்ச் அறையில் ஒருவர் அன்றைய இன்வாய்ஸ் அட்டவணையைத் திறந்து, அந்த லோடுக்குரிய வரிசையின் ஓரத்தில் இருக்கும் பட்டனை அழுத்தியாக வேண்டும். பிரிண்ட், வண்டி நம்பர் மாற்று, கேன்சல். இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் சான்ட்ரோ கார் உருண்டு வந்ததிலிருந்து இந்தத் தொழிற்பகுதியின் எந்திரங்களைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. இந்த ஓரப் பட்டனுக்கும் ஒரு மரபு உண்டு. அதையும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

இணையத் திரைகளின் பள்ளிகளில் முதலில் எல்லாவற்றையும் திறந்து வைக்கும் பள்ளியைச் சொல்லலாம். தரவுத்தளங்களை நிர்வகிக்க 1998-இல் பிறந்த பிஎச்பி-மை-அட்மினில் ஒவ்வொரு வரிசைக்கும் எடிட், டெலீட் அருகிலேயே நிற்கும். 2004-இல் வந்த ரூபி ஆன் ரெயில்ஸ் தானாக எழுதித் தரும் பக்கமும் அப்படித்தான்: பார், திருத்து, அழி. தேட வேண்டியதில்லை என்பது இதன் பெரிய நன்மை. ஆனால் ஐம்பது வரிசைக்கு நூற்றைம்பது இணைப்புகள் கண்ணில் குத்தும். இதைவிடப் பெரிய ஆபத்து 2005-இல் வெளிப்பட்டது. பக்கங்களை வேகமாகத் திறப்பதற்காக கூகுள் வெளியிட்ட வெப் ஆக்சிலரேட்டர், திரையில் கண்ட இணைப்புகளை முன்கூட்டியே தானே திறந்து பார்த்தது. 'டெலீட்' என்பதைச் சாதாரண இணைப்பாக வைத்திருந்த தளங்களில், யாரும் கை வைக்காமலே பதிவுகள் அழிந்தன. படிப்பதற்கான கோரிக்கை எதையும் மாற்றக் கூடாது என்று எச்டிடிபி விதி 1999-லேயே சொல்லியிருந்தது. அழிக்கும் செயல் சாதாரண இணைப்பாக இருக்கக் கூடாது என்ற முதல் தரம் இந்த மரபில் அங்கே உறுதிப்பட்டது.

அடுத்தது மவுஸ் மேலே வந்தால் மட்டும் காட்டும் பள்ளி. வேர்ட்பிரஸ் 2.7, 2008 டிசம்பரில் இதைப் பரவலாக்கியது. திரை அமைதியாகிவிட்டது, உண்மைதான். ஸ்டோர்ஸில் டேப்லெட்டைக் கையில் பிடித்து நிற்பவருக்கு மவுஸ் ஏது? மூன்று புள்ளிக்குள் எல்லாவற்றையும் மடித்து வைப்பது இன்னொரு பாணி. எப்போதாவது தேவைப்படும் செயலுக்கு அது பொருந்தும், நாளெல்லாம் அழுத்தும் பிரிண்ட்டுக்குப் பொருந்தாது. டிக் போட்டு மொத்தமாகச் செய்யும் முறையை ஜாங்கோ 1.1 தன் நிர்வாகத் திரையில் 2009-இல் சேர்த்தது. லேபிள் அச்சிட அருமையான முறை.

நம் கணக்கறைகள் பழகிய பள்ளி இவற்றுக்கெல்லாம் முந்தையது, விசைப்பலகையிலேயே வாழ்வது: டேலி கணக்கு மென்பொருள். டே புக்கில் ஒரு வவுச்சர் மேல் நின்று ஆல்ட்-டி அழுத்தினால் அது அழியும். ஆல்ட்-எக்ஸ் அழுத்தினால் கேன்சல் ஆகும்: தொகை போய்விடும், எண் மட்டும் தன் இடத்தில் நிற்கும். பேரேட்டில் எழுதியதைச் சுரண்டி அழிக்காமல், ஒரு கோடு போட்டு அடித்து ஓரத்தில் கையெழுத்திட்ட பழைய கணக்குப்பிள்ளைகளின் ஒழுங்கு இது. இந்த வேறுபாட்டை விசையிலேயே பிரித்து வைத்ததை நான் இந்த மரபின் உச்சமாகவே மதிக்கிறேன். 2023 ஏப்ரல் 1 முதல் நிறுவனங்களின் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு மாற்றத்தின் தடத்தையும் காக்க வேண்டும் என்று சட்டமும் சொல்லிவிட்டது. தடமில்லாத டெலீட் பட்டனுக்குக் கணக்கில் இனி இடமில்லை.

ஆனால் பட்டன் எங்கே நிற்கிறது என்பதைவிட, எப்போது நிற்கலாம் என்பதே கடினமான கேள்வி. சரக்கு வண்டியோடு செல்ல வேண்டிய மின்னணு ஆவணமான இ-வே பில்லை எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்த 24 மணி நேரத்துக்குள்தான் கேன்சல் செய்யலாம். வழியில் அதிகாரி சரிபார்த்துவிட்டால் அதுவும் முடியாது. வண்டி பழுதானால் வண்டி நம்பரை மட்டும், செல்லுபடிக் காலம் வரை எத்தனை முறையும் மாற்றலாம். இ-இன்வாய்ஸுக்கும் 24 மணி நேரக் கெடுதான். அதோடு, இ-வே பில் உயிரோடு இருக்கும்வரை இன்வாய்ஸைக் கேன்சல் செய்ய முடியாது. கேன்சலான எண்ணை மறுபடி பயன்படுத்தவும் முடியாது. ஆக ஒரே அட்டவணையில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு வரிசைகளுக்கு உரிமைகள் வெவ்வேறு. எல்லா வரிசைக்கும் ஒரே பட்டன்களை அச்சடித்து வைக்கும் திரை, எந்தப் பள்ளியைச் சேர்ந்ததானாலும் தரம் குறைந்ததே.

நேற்று ஷிப்ட்டில் திறந்த அட்டவணை இன்றும் அப்படியே திறந்திருக்கலாம். அதில் தெரியும் கேன்சல் பட்டனின் கெடு எப்போதோ முடிந்திருக்கும். ஆகவே அழுத்தும் நொடியில் நேரத்தையும் அழுத்தியவரின் உரிமையையும் சர்வர் மறுபடி பார்க்க வேண்டும். பட்டனை மறைப்பது மட்டும் பாதுகாப்பு ஆகாது. இன்னொன்று: கண் தெரியாதவருக்குத் திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருள் ஐம்பது முறை 'கேன்சல், கேன்சல்' என்றால் அவருக்கு என்ன விளங்கும்? இன்வாய்ஸ் எண்ணோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். பட்டன் குறைந்தது 24-க்கு 24 பிக்சலாவது இருக்கட்டும் என்கிறது 2023-இல் வந்த டபிள்யூசிஏஜி 2.2 என்ற இணைய அணுகல் வழிகாட்டி. கிரீஸ் படிந்த விரலுக்கு அதைவிடப் பெரிதாகவே வைக்கலாம்.

கெடு கடந்த வரிசையில் பட்டனைச் சத்தமில்லாமல் எடுத்துவிடுவது இன்று பலருடைய பழக்கம். எனக்கு அது உடன்பாடில்லை. இரவு ஷிப்ட்டில் தனியாக இருக்கும் புதியவர், பட்டன் எங்கே போனது என்று யாரைக் கேட்பார்? மங்கலாக அதே இடத்தில் வைத்து, பக்கத்தில் காரணத்தை எழுதிவிடலாம்: '24 மணி நேரம் கடந்துவிட்டது, கிரெடிட் நோட் போடவும்.' கிரெடிட் நோட் போடும் பட்டனும் அதே வரிசையில் இருக்க வேண்டும்.