பெயரிடும் அதிகாரம்: ஒன்ரொலொஜியும் கருத்தியலும்

உள்ளன யாவை என வினவும் மெய்யியற் பிரிவின் பெயரைக் கணினியியலாளர் இரவலாகப் பெற்றுள்ளனர். ஒரு துறைக்குரிய பொருள்களையும் அவற்றிடையேயான உறவுகளையும் இயந்திரம் கையாளத்தக்கவாறு வரையறுக்கும் சொற்றொகுதியையே அவர்கள் ஒன்ரொலொஜி என்பர். பல இடங்களிற் சிதறிக் கிடக்கும் தரவுத்தொகுதிகள் இதன் துணைகொண்டு ஒன்றையொன்று விளங்கிக்கொள்ளும் என்பதே 2001இல் ரிம் பேர்ணர்ஸ்-லீயும் வேறிருவரும் 'சயன்ரிஃபிக் அமெரிக்கன்' இதழில் முன்வைத்த கனவாகும். 2004இல் 'அவுல்' மொழி நியமமாயிற்று. விளக்கம் யாருடையது என்பதே நாம் எழுப்பவேண்டிய வினா.

பகுப்பு எதுவும் சமூக உறவுகளுக்குப் புறம்பானதன்று. டூயியின் தசமப் பகுப்பில் மேலை இலக்கியங்கள் 810 முதல் 880 வரை தனித்தனி இருக்கை பெறுகின்றன. தமிழிலக்கியமோ 'ஏனைய'வற்றுக்குரிய 890இன் உள்ளே 894.811 ஆக நிற்கின்றது. எனினும் நூலகத் தட்டு தானாக அனுமானம் செய்வதில்லை. ஒன்ரொலொஜி செய்கின்றது.

அவுல் மொழியிலே இரு பெயர்கள் ஒரே பொருளைச் சுட்டுகின்றன எனக் கூறும் உறவொன்று உண்டு. அதனை ஏற்றதும், ஒன்றைப் பற்றிய கூற்றுகள் யாவும் மற்றையதன்மீதும் ஏறிவிடும். இலங்கையில் 1911ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பு 'இந்தியத் தமிழர்' என வேறுபிரித்த மக்கள் பிற்காலத்தில் தம்மை மலையகத் தமிழர் என அழைக்கலாயினர். முன்னையது காலனித்துவ நிருவாகம் இட்ட பெயர். அம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கிய 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தின் பின்னணியில், அவர்களை அந்நியராகக் கண்ட அதே நோக்கு இருந்தது. பின்னையது போராட்டத்தினூடே உருவான பெயர். போதாக்குறைக்கு, முன்னைய பெயரை விரும்பாது 'இலங்கைத் தமிழர்' எனப் பதிந்துகொண்டோரும் உளர். எனவே இரு பெயர்களும் சுட்டும் தொகுதிகள்கூட முற்றாகப் பொருந்துவதில்லை. இவற்றை ஒன்றெனப் பிணைப்பவர் வரலாற்றையே அழிக்கின்றார். நுட்பம் வேறு வழி தராமலில்லை: 2009இல் நியமமான 'ஸ்கோஸ்' அண்ணளவான பொருத்தம் எனும் தளர்ந்த உறவையும் வழங்குகின்றது. சோம்பலுக்குத்தான் சமன்பாடு உவப்பானது.

உடைமை பற்றியும் ஒரு சொல். தன்னார்வலர் பலரின் உழைப்பும் சேர்ந்த ஃபிறீபேஸ் தரவுத்தளத்தை நடத்திய நிறுவனத்தை 2010இல் கூகிள் வாங்கிற்று. 2012இல் அறிமுகமான அதன் அறிவு வரைபுக்கு அத்தரவு உதவிற்று. 2016இல் ஃபிறீபேஸ் மூடப்பட்டது. பரவலாக்கம் என்ற கனவு ஏகபோகத்தின் களஞ்சியத்தில் முடிவது முதலாளித்துவத்தின் கீழ் வியப்பன்று.

இதனால் தொழில்நுட்பத்தையே நிராகரிப்பது வரட்டுவாதமாகும். பழ ஈ, எலி, மதுவம் ஆகியவற்றை ஆராய்ந்தோர் 1998இல் தொடங்கிய மரபணு ஒன்ரொலொஜி இன்றும் பயன்தருகின்றது. சொற்களை வரையறுப்போர் அவற்றைப் பயன்படுத்தும் ஆய்வாளரோடு இணைந்தே இயங்குகின்றனர். அங்கே வழக்கிறந்த சொல் நீக்கப்படுவதில்லை. வழக்கிறந்தது எனக் குறிக்கப்பட்டு அதே அடையாள எண்ணுடன் பேணப்படுகின்றது. குடிசனமதிப்பின் பெயர்களுக்கும் இத்தகைய பதிவு வேண்டும்: எவர், எப்பொழுது, எந்நோக்கில் இட்டனர், எவர் மறுத்தனர் என்பன அதில் இடம்பெறல் வேண்டும். அவுல் மொழி இதற்குத் தடையன்று.