404-ஐத் தோல்வி என்று சொல்லாத ஃபெட்ச்

ஜாவாஸ்கிரிப்ட்டில் சர்வருக்குக் கோரிக்கை அனுப்பும் ஃபெட்ச்சைப் பொறுத்தவரை, 'கேட்டது இல்லை' என்னும் 404 தோல்வி அல்ல, சர்வர் பிழையான 500-உம் அல்ல. சர்வர் ஏதோ ஒரு பதிலைச் சொல்லிவிட்டால் போதும், ப்ராமிஸ் நிறைவேறிவிடும். இணைப்பு அறுந்தால், முகவரி கிடைக்காவிட்டால், வேறு தளத்தின் சர்வர் அனுமதி தராவிட்டால்தான் அது கைவிரிக்கும். புதிதாக எழுதுபவர் ட்ரை–கேட்ச் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பார். பிழைப் பக்கமோ கேட்ச் பக்கம் எட்டியும் பார்க்காமல் நேரே உள்ளே வந்துவிடும்.

இதை வடிவமைப்பின் கோளாறு என்று திட்டுபவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தபால்காரர் கடிதத்தைச் சேர்த்துவிட்டார். உள்ளே இருப்பது நல்ல சேதியா கெட்ட சேதியா என்பது அவர் பொறுப்பல்ல. ஒருவர் கேட்கும் பயனர்பெயர் ஏற்கெனவே எடுக்கப்பட்டதா என்று பதிவுப் படிவம் விசாரிக்கும்போது, 'அப்படி யாரும் இல்லை' என்று வரும் 404-தான் நல்ல சேதி. எது பிழை என்பதை அழைப்பவரே முடிவு செய்யட்டும் என்பது அடிமட்டக் கருவிக்கு ஏற்ற கொள்கை. ஆக்ஸியோஸ் நூலகம் 200 வரிசைக்கு வெளியே உள்ள எதையும் பிழையாக வீசிவிடும். வசதிதான். ஆனால் அதற்காக மட்டும் ஒரு நூலகத்தை இழுத்து வர வேண்டுமா என்றால், வேண்டாம் என்பேன்.

கொள்கை சரி என்றாலும் அதற்கான விலையை எழுதுபவர்தான் கொடுக்கிறார். நிலை எண் 200 முதல் 299-க்குள் இருக்கிறதா என்று சொல்லும் ரெஸ்பான்ஸ்.ஓகே-வைப் பார்க்க மறந்ததாக வைத்துக்கொள்வோம். ப்ராக்ஸிக்குப் பின்னால் இருந்த சர்வர் விழுந்துவிட்டது. ப்ராக்ஸி 502 என்று ஓர் எச்டிஎம்எல் பக்கத்தை அனுப்புகிறது. நிரல் அதை ஜேசன் என்று நம்பிப் பிரிக்கிறது. கன்சோலில் தெரிவதோ, எதிர்பாராத '<' குறி வந்துவிட்டது என்ற இலக்கணப் பிழை. நிரலர் ஜேசனில் கமாவைத் தேடிக்கொண்டிருப்பார். வந்தது என்னதான் என்று பார்க்க டெக்ஸ்ட்டை அழைத்தாலும் பயனில்லை. பதிலின் உடலை ஒருமுறைதான் வாசிக்க முடியும். முதலில் டெக்ஸ்ட்டாக வாங்கி, நிலை எண்ணைப் பார்த்து, பிறகு ஜேசன்.பார்ஸுக்குக் கொடுக்கும் இருபது வரி ஃபங்ஷன் ஒன்று இருந்தால் இந்தத் தலைவலியே இல்லை.

ஃபெட்ச்சின் மெய்யான குறை வேறிடத்தில் இருக்கிறது. 2015-இல் அது க்ரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் வந்தபோது, அனுப்பிய கோரிக்கையை நிறுத்த வழியே இல்லை. பழைய எக்ஸ்எம்எல்எச்டிடிபிரிக்வெஸ்ட்டில் நேர வரம்பு வைக்கலாம், பாதியில் கைவிடலாம். அபார்ட்கன்ட்ரோலர் பின்னால்தான் வந்தது. ஒரே வரியில் வரம்பு வைக்கும் அபார்ட்சிக்னல்.டைம்அவுட் 2022-இல். காரணம் சொல்லாத பழக்கமும் உண்டு: வைஃபை போனாலும் சர்வர் அனுமதி மறுத்தாலும் அதே டைப்எரர்தான். ஆனால் இது வேண்டுமென்றே வைத்த மௌனம். காரணத்தை விவரித்தால், ஏதோ ஒரு தளத்தின் நிரல் பயனரின் உள்வலையைத் துழாவிப் பார்த்துவிடும். அதை நான் குறை என்று எண்ணுவதில்லை.

நம் பக்கத்துக் குற்றங்கள் இதைவிடப் பெரியவை. 2017-இல் மொழியில் சேர்ந்த ஏசிங்க்–அவெய்ட் நிரலை மேலிருந்து கீழே வாசிக்கும்படி செய்தது. கூடவே சோம்பலையும் வளர்த்தது. கேட்ச்சுக்குள் கன்சோல்.லாக் ஒன்றைப் போட்டுவிட்டுப் போனால் பிழை அங்கேயே புதைந்துவிடும். அழைத்தவருக்கு அன்டிஃபைன்ட் போய்ச் சேரும். ட்ரைக்குள் அவெய்ட் போடாமல் ஃபெட்ச்சை ரிட்டர்ன் செய்தால், அந்த கேட்ச் வெறும் அலங்காரம்.

நேர வரம்பையும் அளவுக்கு மீறி நம்புகிறோம். அபார்ட் செய்தால் நம் காத்திருப்பு முடியும். சர்வரின் வேலை நின்றுவிட்டது என்று பொருள் இல்லை. தரவு கேட்கும் கெட் கோரிக்கையை மறுபடி அனுப்பலாம். ஆர்டர் போடும் போஸ்ட் கோரிக்கையை அப்படி அனுப்பினால் இரண்டு ஆர்டர் விழக்கூடும். ஒவ்வொரு ஆர்டருடனும் தனி அடையாள எண் போய், சர்வர் அதை நினைவில் வைத்துக்கொண்டால்தான் மறுமுயற்சி பத்திரமானது. அந்த ஏற்பாடு இல்லாத சர்வரிடம் மறுபடி அனுப்பாமல், முதல் ஆர்டர் என்ன ஆயிற்று என்று தனிக் கோரிக்கையில் விசாரிக்க வேண்டியதுதான்.